எல்லாம் வேதத்தில் இருக்கிறதா?

(அணு விஞ்ஞான ஆசிரியர் மேகநாத சாஹாவின் வாழ்க்கையைப் பற்றி வன்னியம்பட்டிப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை. இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மில் வேலை முடித்து வந்திருக்கிற தோழர்களும், இந்த ஊர் விவசாயத் தோழர்களும், "விஞ்ஞானியைப் பற்றி நமக்கென்ன, அது காலேஜுப் பிள்ளைகள் சமாச்சாரமாயிற்றே" என்று நினைக்கக்கூடும். நானும் காலேஜைக் கண்டவனல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு வாசகசாலைப் புத்தகங்கள்தான் எனக்கு உபாத்தியாயர்கள். ஆகவே எனக்குப் புரிந்த வரையில், உங்களுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லப் பார்க்கிறேன். விளங்காத இடத்தில் எழுந்து கேளுங்கள். இது கதாகாலட்சேபமல்ல, நடுவில் கேட்டால் பாவம் ஒன்றும் வந்துவிடாது.

நான் சொல்லப்போகிறவர் பெயர் மேகநாத சாஹா. மேகநாதன் யார் என்று இராமாயணம் கேட்டவர்களுக்குத் தெரியும். இராவணன் மகன், இந்திரனைத் தோற்கடித்த இந்திரஜித். மழையும் இடியுமாக இருந்த ஒரு ராத்திரியில் பிறந்ததால் அந்தப் பெயர் வந்ததென்று சொல்லுவார்கள். பிறந்தது 1893ம் வருஷம் அக்டோபர் 6ந் தேதி. ஊர் டாக்கா ஜில்லாவிலுள்ள சியோராதலி என்கிற சின்ன கிராமம். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. தகப்பனாருக்குச் சிறு மளிகைக்கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஜாதியோ, மேல்ஜாதிக்காரர் தாழ்ந்தது என்று தள்ளி வைத்த ஜாதி.

ஆரம்பப் பள்ளி முடிந்ததும் தகப்பனார் பையனைக் கடையில் உட்கார வைக்க நினைத்தார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். எட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய மளிகைக் கடைக்காரர் வேறு என்ன நினைப்பார்? மூத்த அண்ணன்தான் தம்பியின் படிப்பு கெடக்கூடாது என்று அலைந்து, ஆறு மைல் தூரத்திலுள்ள சிமுலியா என்ற ஊரில் அனந்த குமார தாஸ் என்ற வைத்தியர் வீட்டில் இடம் பிடித்தார். வைத்தியர் தங்க இடமும் சாப்பாடும் சும்மாவே கொடுத்தார். நிபந்தனை இரண்டு. பையன் வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும்.

தோழர்களே! இந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வைத்தியர் கெட்டவரல்ல. கெட்டவராயிருந்தால் முன்பின் தெரியாத பிள்ளைக்கு வருஷக்கணக்கில் சோறு போடுவாரா? மேகநாதர் அவரைக் கடைசி வரையில் நன்றியோடுதான் நினைத்தார். ஆனால் அவ்வளவு நல்லவர் வீட்டிலும் அந்தப் பையன் தொட்ட தட்டை மற்றவர் தொடமாட்டார்கள். பிள்ளையின் பசி அவர் கண்ணுக்குத் தெரிந்தது, படிப்பும் தெரிந்தது, தட்டுக்கு வரும்போது மட்டும் ஜாதி குறுக்கே நின்றது. கொடியவன் செய்கிற கொடுமையை எதிர்த்துச் சண்டையாவது போடலாம். நல்லவன் வழக்கமாகச் செய்கிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லுவது? நம் பக்கத்து டீக்கடைகளில் தனிக் குவளை வைத்தவர்களும் பேச்சில் நல்லவர்கள்தான். "வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்லுவார்கள். எங்கே உட்காருவது என்பதில்தான் விஷயமிருக்கிறது.

நிற்க. பையன் நடுநிலைப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவுக்கே முதலாக வந்தான். மாதம் நாலு ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அண்ணன் சணல் கம்பெனியில் மாதம் இருபது ரூபாய் சம்பளத்துக்கு இருந்தார். அதில் ஐந்து ரூபாய் தம்பிக்கு அனுப்பினார். மில் தோழர்களே, கவனியுங்கள்! சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு. பிற்காலத்தில் எழுதுகிறவர்கள் "சரஸ்வதி கடாட்சம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். அந்த ஐந்து ரூபாயைக் கணக்கில் எழுதுகிறவர்களைத்தான் காணோம்.

1905ல் டாக்கா நகரத்துப் பள்ளிக்குப் போனார். அதுதான் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த வருஷம். கவர்னர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தபோது சில மாணவர்கள் மறியல் செய்தார்கள். மேகநாதருக்கு உபகாரச் சம்பளமும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. இன்னொரு பள்ளிக்கூடம் சேர்த்துக் கொண்டது. 1909ல் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்காளத்துக்கே முதலாகத் தேறினார்.

பிறகு கல்கத்தா பிரசிடென்சி காலேஜ். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திர நாத போஸ் கூடப் படித்த சிநேகிதர். படிப்பில் யாரும் இவரைக் கீழே தள்ள முடியவில்லை. ஆனால் விடுதி என்று ஒன்று இருக்கிறதே! ஈடன் ஹிந்து ஹாஸ்டலில் மேல்ஜாதிப் பிள்ளைகள் சிலர், இவர் தங்களோடு ஒரே கூடத்தில் சாப்பிடக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள். சரஸ்வதி பூஜை வந்தது. பந்தலுக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். கல்விக்கு அதிதேவதை என்று ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, கல்வியில் முன்னால் நிற்கிறவனை "கிட்டே வராதே" என்று சொன்னார்கள்! அன்று பந்தலுக்குள் இருந்தவர்களில் எத்தனை பேர் பெயர் இன்று யாருக்காவது தெரியும்? வெளியே நின்றவர் பெயரை உலகத்திலுள்ள வான சாஸ்திரப் பாடப் புத்தகங்களெல்லாம் அச்சிடுகின்றன.

1915ல் எம்.எஸ்ஸி. தேறினார். சத்தியேந்திர போஸ் முதல், இவர் இரண்டாவது. சர்க்கார் கணக்கு இலாகா பரீட்சை எழுத நினைத்தார். புரட்சிக்காரரோடு பழக்கமுண்டு என்று சர்க்கார் அனுமதி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வரவு செலவு பார்த்து, பென்ஷன் வாங்கிப் போயிருப்பார். வெள்ளைக்கார சர்க்கார் தெரியாமல் செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று. அசுதோஷ் முகர்ஜி என்பவர் புதிதாக ஏற்படுத்திய விஞ்ஞானக் கல்லூரியில் 1916ல் இவரையும் போஸையும் ஆசிரியர்களாக வைத்தார். முகர்ஜி பார்ப்பனர்தான். ஜாதி பாராமல் தகுதியைப் பார்த்தார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கப் புத்தகமில்லை. இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளுமில்லை. ஐன்ஸ்டைனுடைய கட்டுரைகளை ஜெர்மன் பாஷையிலிருந்து இரண்டு பேருமாக இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். ஆசிரியர் இல்லாததால் படிப்பு நின்றுவிட்டது என்று சொல்லுகிற வாலிபர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அவர் கண்டுபிடித்தது என்ன என்பதைச் சொல்லுகிறேன். சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடி வழியாக விட்டால் வானவில் மாதிரி நிறம் நிறமாகப் பிரியும். நன்றாக உற்றுப் பார்த்தால் அந்த நிறங்களுக்கு நடுவில் கோடு கோடாக இருக்கும். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனித்தனிக் கோடு உண்டு. பத்திரத்தில் வைக்கிற கைநாட்டு மாதிரி. இரும்புக்கு ஒரு நாட்டு, சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு நாட்டு. ஆகவே நட்சத்திரத்துக்குப் போகாமலே அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். 1868 ஆகஸ்டு 18ல் சூரிய கிரகணம் வந்தபோது, நம் ஜனங்கள் இராகு விழுங்கிவிட்டான் என்று ஆற்றில் முழுகிக் கொண்டிருந்தார்கள். ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் கடல் தாண்டி வந்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் உட்கார்ந்து அதே கிரகணத்தில் இந்தக் கோடுகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். நமக்கு வடக்கே கோடைக்கானல் மலையிலும் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்த்து வருகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு நட்சத்திரத்தில் ஒரு பொருளின் கோடு தடிப்பாகவும், இன்னொன்றில் அதே கோடு இல்லாமலும் இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு நட்சத்திரமும் வெவ்வேறு பொருளால் ஆனதா? இந்த முடிச்சைத்தான் சாஹா அவிழ்த்தார். பனிக்கட்டியைச் சூடாக்கினால் தண்ணீராகும்; இன்னும் சூடாக்கினால் ஆவியாகும். அதற்கு மேலும் பல்லாயிரம் டிகிரிக்குச் சூடாக்கினால் அணுவே தன் எலெக்ட்ரானை இழந்து நிற்கும். எலெக்ட்ரானை இழந்த அணு பழைய கைநாட்டை வைக்காது. வேறு கோடுதான் காட்டும். எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை பங்கு அணு இப்படி ஆகும் என்று கணக்காகவே எழுதிக் காட்டினார். அதுதான் 1920ல் வெளிவந்த சாஹா சமன்பாடு. கோடு இல்லை என்பதற்காகப் பொருளே இல்லை என்று அர்த்தமில்லை, சூடுதான் வேறு. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1925ல் அமெரிக்காவில் செசிலியா பெயின் என்ற இளம் பெண், நட்சத்திரங்களில் மிகப் பெரும் பங்கு ஹைட்ரஜன்தான் என்று காட்டினார். பெரிய பேராசிரியர் ஒருவர் அது நடக்காத காரியம் என்றார். நாலு வருஷத்தில் அவரே சரி என்று ஒப்புக்கொண்டார். பெண்புத்தி பின்புத்தி என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்களோ தெரியவில்லை.

1927ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை அங்கத்தினராக்கியது. நோபல் பரிசுக்கும் பல தடவை பெயர் கொடுக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அது போகட்டும்.

சீமையிலிருந்து திரும்பிய சமயம் நடந்த ஒன்றை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். டாக்காவில் ஒரு வக்கீல், "என்னப்பா கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார். இவரும் உற்சாகத்தோடு சூரியன், நட்சத்திரம், அணு என்று விவரித்தார். வக்கீல் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இதில் புதுசு என்ன, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே" என்றார். "எந்த வேதத்தில், எந்தப் பாகத்தில்?" என்று இவர் மரியாதையாகக் கேட்டார். வக்கீல் சொன்ன பதில்தான் வேடிக்கை: தான் வேதம் படித்ததில்லையாம், ஆனால் இருக்கும் என்று நம்பிக்கையாம்! புதுச்சேரி ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய் என்பவர் இவரைத் தாக்கி எழுதியபோது, அதற்குப் பதிலாக 1939ல் ஒரு வங்காளிப் பத்திரிகையில் இதை எழுதினார். வக்கீலைப் போல் படிக்காமல் பேசவில்லை. இருபது வருஷமாக வேதம், உபநிஷதம், புராணம், ஜோதிஷம் எல்லாம் தேடிப் பார்த்தேன், இக்கால விஞ்ஞானத்தின் மூலம் எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை என்று ருஜுவோடு சொன்னார். நம்புகிறவன் படிக்கவில்லை, நம்பாதவன் படித்திருக்கிறான்! நம் ஊரிலும் இதுதானே?

1938ல் அலகாபாத்திலிருந்து கல்கத்தா சர்வகலாசாலைக்குத் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில்தான் ஜெர்மனியில் யுரேனியம் அணுவின் கரு இரண்டாகப் பிளக்கிறது என்று தெரிந்தது. உலகத்தில் இனி இதுதான் பெரிய படிப்பு என்று கண்டு, கல்கத்தாவில் அணுக்கருப் பாடத்தை ஏற்படுத்தினார். நாக் சௌதுரி என்ற மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, சைக்ளோட்ரான் என்ற யந்திரத்தைக் கட்டப் படித்துவரச் செய்தார். அது என்ன யந்திரம்? சோளக்கொல்லையில் குருவி விரட்டக் கவண் சுற்றுகிறோமல்லவா? ஒவ்வொரு சுற்றுக்கும் கல்லுக்கு வேகம் ஏற்றிக் கடைசியில் விடுகிறோம். அது போலத்தான், இங்கே கல்லுக்குப் பதில் அணுத்துகள், கயிற்றுக்குப் பதில் பெரிய காந்தம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மின்சாரம் ஒரு தள்ளுத் தள்ளும். வேகமேறிய துகளைக் கொண்டுபோய் இன்னொரு அணுவின் கருவில் மோத விட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பார்கள். நடுவில் காற்று இருந்தால் துகள் அதில் முட்டிக்கொண்டு வேகமிழந்துவிடும். ஆகவே காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பு வேண்டும். டாட்டா தர்மப் பணத்தின் உதவியோடு காந்தம் வந்து சேர்ந்தது. பம்புகளை ஏற்றிவந்த கப்பலோ யுத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இங்கேயே செய்து பார்த்தார்கள்; வருஷங்கள் ஓடின. அவர் சலிக்கவில்லை. 1950 ஜனவரியில் கல்கத்தாவில் அணுக்கரு விஞ்ஞானக் கழகம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன். இன்று அதற்குச் சாஹா பெயரே வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சச்சரவையும் சொல்ல வேண்டும். 1948ல் அணுசக்திச் சட்டம் வந்தது. ஹோமி பாபா தலைமையில் கமிஷன் வந்தது. சாஹா அதில் சேரவில்லை. முதலில் கைத்தொழிலையும் படித்த ஆட்களையும் உண்டாக்குங்கள், ஆராய்ச்சியை சர்வகலாசாலைகளில் வளருங்கள், எல்லாவற்றையும் ரகசியத்தில் மூடாதீர்கள் என்றார். 1952ல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாகப் பார்லிமெண்டுக்குப் போய், 1954ல் அங்கேயும் இதையே கேட்டார். பாபாவும் சாமானியப்பட்டவரல்ல, அவர் கட்டிய அஸ்திவாரத்தின் மேல்தான் கல்பாக்கம் முதலிய நிலையங்கள் எழும்பின. ஆனால் கேள்வியில் நான் சாஹா பக்கம். அறிவை மூடி வைத்துக்கொண்டு "உனக்கு இது வேண்டாம், நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம்" என்று சொன்னவர்களை நமக்கு ஆயிரம் வருஷமாகத் தெரியுமே! அப்போது மந்திரம், இப்போது அணு. 2011ல் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இடிந்தகரை மீனவ மக்கள் உட்கார்ந்து கேட்டதிலும் பாதி இந்தக் கேள்விதான். நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறொரு நாள் பிரசங்கம்.

கடைசியாகப் பஞ்சாங்கம். தேசத்தில் ஏறக்குறைய முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் நடமாடின. 1952ல் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு, சாஹாவைத் தலைவராக்கியது. ஒரு காலத்தில் சரஸ்வதி பூஜைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் கையில், எல்லாப் பூஜைக்கும் நாள் சொல்லுகிற பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது! அவர் பழியா வாங்கினார்? கணக்குத்தான் பார்த்தார். சூரிய சித்தாந்தம் ஒரு வருஷத்துக்கு வைத்த அளவு 365.258756 நாள். பருவம் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆகிறது 365.2422 நாள். வித்தியாசம் வருஷத்துக்கு 24 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அற்பம்தானே என்று விட்டார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்தில் அது 23 நாளாகிவிட்டது! இரவும் பகலும் சமமாகிற நாளை ஒட்டி வரவேண்டிய வருஷப் பிறப்பு, மார்ச்சு 21க்குப் பதில் ஏப்ரல் 14ல் வருகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22ல். உத்தராயண புண்ணிய காலம் என்று தை முதல் தேதியில் தர்ப்பணம் செய்து வைக்கிறான். நட்சத்திரத்தை வைத்த கணக்கு என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி, அப்படியே இருக்கட்டும்; சூரியன் திரும்பி மூன்று வாரமான பிறகு "இன்று திரும்புகிறது" என்று சொல்லித் தட்சிணை வாங்குவானேன்?

இதில் நம் தமிழ்நாட்டு வேடிக்கை வேறு. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. 2020ல் சனிப் பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 24, வாக்கியப்படி டிசம்பர் 27. ஆகாயத்தில் இருப்பது ஒரே சனி. பெயர்ந்ததோ பதினொரு மாத இடைவெளியில் இரண்டு தடவை! பரிகாரச் சீட்டு மட்டும் இரண்டுக்கும் கிழித்தார்கள்.

சாஹா 1955ல் அறிக்கையைக் கொடுத்தார். 1956 பிப்ரவரி 16ல் டில்லியில் திட்டக் கமிஷன் ஆபீசுக்கு நடந்து போகும் வழியில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது அறுபத்திரண்டு. அவர் கமிட்டி சொன்ன தேசியப் பஞ்சாங்கம் 1957 மார்ச்சு 22 முதல் சர்க்கார் கெஜட்டில் அமுலுக்கு வந்தது. கெஜட்டில் இருக்கிறது, நம் வீட்டுச் சுவரில் இல்லை.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். இந்த மைதானத்தில் வருகிற டிசம்பர் 22ந் தேதி பத்தடிக் கம்பு ஒன்றை நேராக நட்டு, உச்சி வேளையில் நிழலை அளக்க வாசகசாலைத் தோழர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டேகாலிலிருந்து பன்னிரண்டரைக்குள் நிழல் மிகக் குறுகும். அப்போது அளக்க வேண்டும். வருஷத்திலேயே நீளமான உச்சி நிழல் அன்றைக்குத்தான், ஏறக்குறைய ஆறரை அடி. அந்த இடத்தில் ஒரு முளை அடித்துவிட்டு, தை முதல் தேதி மறுபடி வந்து அளப்போம். ஆறடிக்குச் சுருங்கியிருக்கும். சூரியன் எப்போது திரும்பியது என்பதை முளையே சொல்லும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பஞ்சாங்கக்காரரையும் கூப்பிடுங்கள், வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்.